பச்சை மோரிஸும் பதினோரு பிளவுஸும்

எண்பத்து மூன்றாம் வருடத்தில் பட்டர்வொர்த்தில் இருந்தும் அந்த மோரிஸ் மைனர் காரைப் பார்த்ததில்லை என்று யாராவது சொன்னால், அவர்களுக்குக் கண் டாக்டரைத்தான் காட்ட வேண்டும். உடம்பு வெளிறிய பச்சை, நாலு கதவும் நல்ல அரக்குச் சிவப்பு. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் புறப்பட்ட காடி! அது பினாங்குக்குப் போகும் ஃபெரியில் ஏறினால் கடலை வேடிக்கை பார்க்க ஆளிருக்காது. ஓட்டுகிறவரோ விநாசித்தம்பி, ரயில்வேயில் முப்பத்தோரு வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டை தவிர வேறு சட்டை போட்டறியாதவர். அப்பேர்ப்பட்ட மனிதர் அப்பேர்ப்பட்ட காடியை ஏன் ஓட்டினார் என்று தெரிய வேண்டுமானால், அவருடைய மகள் அருந்ததியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அருந்ததி பினாங்கு ஸ்திரீட்டில் பழனியப்பன் முதலாளியின் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமில் வீடு. காலையில் ஃபெரி, மாலையில் ஃபெரி. கடையின் மாடியில் சேலைகள். கீழே வலது மூலையில் அவளுடைய ராஜ்யம். தரையிலிருந்து கூரை வரை பிளவுஸ் துணி, முந்நூறு நிறத்துக்குக் குறையாது. அவளை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "மேட்ச்சிங் அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். காலையில் ஒரு தடவை சேலையை விரித்துக் காட்டிவிட்டுப் போனால் போதும், சாயங்காலம் துணி வெட்டித் தயாராக இருக்கும். சேலை கண்முன் இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. ஒருமுறை பார்த்த நிறம் அவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வாடகைகூடக் கொடுக்காது.

மேட்ச்சிங் என்ற அந்த ஒரு இங்கிலீஷ் சொல் இல்லாவிட்டால் பினாங்குத் தமிழ்ப் பெண்கள் வாயில்லாப் பூச்சிகளாகியிருப்பார்கள். மேட்ச்சிங் பிளவுஸ், மேட்ச்சிங் வளையல், மேட்ச்சிங் பொட்டு, மேட்ச்சிங் செருப்பு. ஒரு அம்மா புருஷனின் லுங்கியைக் கொண்டுவந்து அதற்கு மேட்ச்சிங்காகத் திரைச்சீலை கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஒன்றுதான், அச்சு அசல் அதே நிறம். ரோஜா நிறச் சேலைக்கு ரோஜா நிறப் பிளவுஸ்.

இதைக் கேட்டால்தான் அருந்ததிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"அதே கலர்ல அதே கலரைப் போட்டா என்னாங்க தெரியும்? துணி மூட்டைதான் தெரியும். சேலையில எது இல்லையோ அதை பிளவுஸ்ல வைங்க லா!" என்பாள். பினாங்கு வாய்க்கு வாடிக்கையான அந்த 'லா'வையும் சேர்த்து முகத்துக்கு நேரே சொல்லுவாள். கல்யாணப் பெண்ணானாலும் சரி, கல்யாணப் பெண்ணின் அத்தையானாலும் சரி, "இது உங்களுக்குப் பொருந்தாது" என்று சொல்ல அவளுக்கு நாக்குக் கூசியதே இல்லை. மயில்கழுத்துக்குக் கனகாம்பரம் கொடுப்பாள், இலைப்பச்சைக்கு அரக்கு கொடுப்பாள். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போகிறவர்கள் அடுத்த வாரம் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

வீட்டில் இது வேறு மாதிரி. விநாசித்தம்பி குடும்பம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அண்ணன்மார் இருவரும் அலுவலகத்தில் பேனா பிடிக்கிறவர்கள். மகள் துணி கிழிக்கிற வேலை பார்ப்பது அவருக்குப் பெரிய குறை. ஆறு வருடமாக அவர் அந்தக் கடைப் படியை மிதித்ததில்லை. ஆனால் இங்கிலீஷ் சொல் ஒன்று வீட்டுக்குள் தவறாக நுழைந்தால் மட்டும் அவரால் சும்மா இருக்க முடியாது. பழுப்புக் காகித அட்டை போட்ட அகராதி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒருநாள் சாப்பிடும்போது மேட்ச்சிங், மேட்ச்சிங் என்று அவள் பத்துத் தடவை சொன்னதும் மனிதர் கையைக் கழுவிவிட்டு அகராதியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீ செய்யிறது மேட்ச்சிங் இல்லை, பிள்ளை. மேட்ச்சிங் எண்டால் ஒண்டைப்போல மற்றது. ரெண்டு காலுறை மாதிரி. நீ செய்யிறதுக்கு வேறை சொல் கிடக்கு. கொம்ப்ளிமென்டரி. ரெண்டும் வேறை வேறை. ஒண்டில இல்லாதது மற்றதில இருக்கும். சேர்ந்தால்தான் முழுசு."

"ஜாடியும் மூடியும் எண்டு சொல்லுங்கோவன், அதுக்கேன் இவ்வளவு பெரிய புத்தகம்?" என்றாள் அம்மா யோகம்மா.

விநாசித்தம்பி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இன்னொண்டு. தனிய ஒரு பொருளைப் பார்த்து இது கொம்ப்ளிமென்டரி எண்டு சொல்லேலாது. எதுக்கு எண்டு உடனே கேள்வி வரும். மற்றது ஒண்டு இருக்க வேணும்." ஒரு துண்டுச் சீட்டில் அந்தச் சொல்லையும் அர்த்தத்தையும் குமாஸ்தா எழுத்தில் முத்து முத்தாக எழுதி மகளிடம் கொடுத்தார்.

அருந்ததி சிரித்துக்கொண்டே வாங்கிப் போய்க் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் மற்றது ஒன்று இருக்க வேண்டும் என்று அப்பா சொன்னது மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. "ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் அருந்ததி காட்டுறாங்க, இந்த அருந்ததிக்கு ஒருத்தனையும் காட்டக் காணோமே" என்று கூட வேலை செய்யும் ரொஸ்னாவிலிருந்து எல்லாரும் கேலி செய்து ஓய்ந்து போயிருந்த நேரம்.

அந்த நேரத்தில்தான் ஒரு சனிக்கிழமை ராமதாஸ் வந்தான். மாக் மண்டினில் காடிகளுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கிற பட்டறையில் வேலை. நகக்கண்ணில் நீலம், காதோரம் வெள்ளை. கையில் அம்மா கொடுத்தனுப்பிய மாம்பழ மஞ்சள் சேலை.

"அக்கா, இதுக்கு மேட்ச்சிங்கா ஒரு பிளவுஸ் துணி."

அருந்ததி சேலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்திரிப்பூ நிறத்தை எடுத்துப் போட்டாள்.

"அக்கா, மஞ்சள் கேட்டேன்."

"தெரியும் அண்ணே. இதான் நல்லாருக்கும்."

"அம்மா அதே கலர் வேணும்னு சொன்னாங்க."

வீம்புக்கு அவள் மஞ்சள் துணி ஒன்றை உருவிச் சேலைமேல் வைத்தாள். "இந்தாங்க, அதே கலர். அச்சு அசல். திருப்தியா?"

ராமதாஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கடைக்கு வெளியே வெயிலுக்குப் போய்விட்டான். திரும்பி வந்து, "ஒரே கலர் இல்ல, அக்கா. துணியில ஒரு சொட்டு சிவப்பு கூட இருக்கு" என்றான்.

அருந்ததிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தானும் வெளியே போய்ப் பார்த்தாள். ஒரு சொட்டு கூடத்தான் இருந்தது! ஆறு வருடத்தில் அவள் கண்ணை ஒருவரும் ஜெயித்ததில்லை. தோற்ற எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "அதே கலர் தேடுறது நசுங்கின கதவுக்கு பெயின்ட் அடிக்கும்போது. உங்க அம்மா என்ன நசுங்கின கதவா?"

அவன் சிரித்த சிரிப்பில் கல்லாவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பழனியப்பன் முதலாளி பேனாவை நழுவ விட்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்திரிப்பூத் துணியை வாங்கிப் போனான்.

அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டான். கோயிலில் அம்மாவை எல்லாரும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்களாம். இந்தத் தடவை கையில் சேலை இல்லை. "அம்மாகிட்ட ஒரு பச்சை சேலை இருக்கு."

"என்னா பச்சை?"

"அது… லாரிப் பச்சை."

லாரிப் பச்சை! அதற்கும் எடுத்துக் கொடுத்தாள். அதற்கடுத்த வாரம் டாக்ஸிக் கறுப்பு, அப்புறம் தண்ணீர்த் தொட்டி நீலம். சேலையைக் கண்ணால் பார்க்காமல், அவன் வர்ணிக்கிற வர்ணனையை வைத்தே அவள் நிறம் பிடித்தாள். கடை வாசலில் நின்று இரண்டு பேரும் வெயிலில் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். இது நீலத்தில் சேர்த்தியா, பச்சையில் சேர்த்தியா என்று சண்டை போடுவார்கள். அவனுக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும், அவளுக்கு ஒன்றும் ஒன்றுபோல இருக்கக் கூடாது. நாலாவது வாரத்தில் அக்கா என்பது நின்றுபோய் நீங்க ஆயிற்று. அண்ணே எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வந்தாலே அவளுக்குக் கால் தரையில் பாவாது. ஃபெரி மேல்தட்டில் காற்றில் நின்றுகொண்டு காரணமில்லாமல் சிரிப்பாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒரு அடி தள்ளி நிற்பார்கள்.

பதின்மூன்றாவது சனிக்கிழமை அவன் வரவில்லை. அவனுடைய அம்மா வள்ளியம்மா வந்தார். மேசைமேல் பையைக் கவிழ்த்தார். பதினோரு பிளவுஸ் துணி.

"மஞ்சள் சேலைக்கு வாங்கினதை விட்டுடு. இது பதினொண்ணு. என்கிட்ட லாரிப் பச்சையில சேலை இல்ல, டாக்ஸிக் கறுப்புலயும் இல்ல. சேலையே இல்லாம வாரம் ஒரு பிளவுஸ் வந்தா நான் என்னாத்த செய்றது? கிறுக்கு என் மவனுக்கா, இந்தக் கடைக்கா?"

அருந்ததியின் முகம் அரக்கா, கனகாம்பரமா என்று சொல்ல முடியாத ஒரு நிறத்துக்குப் போனது. வள்ளியம்மா அந்த முகத்தை ஆற அமரப் பார்த்தார். பிறகு பதினோரு துணியையும் ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஓ, இதுக்கு சேலை இங்கதான் இருக்கா? சரி. பிளவுஸ் எங்க வீட்லயே இருக்கட்டும். சேலையை நீ வரும்போது கொண்டா."

வள்ளியம்மா சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அருந்ததிக்கு அல்லவா தெரியும் வீட்டு நிலவரம்! யாழ்ப்பாணத்து ஆட்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத்தான் பெண் கொடுப்பார்கள். இந்தியாவிலிருந்து வந்த குடும்பம், அதிலும் பெயின்ட் அடிக்கிறவன் என்றால் அப்பா அகராதியை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார். அவளுக்கு ராமதாஸ்தான் வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஊரில் உள்ள கல்யாணப் பெண்களுக்கெல்லாம் பொருந்தும், பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்ன வாய், அப்பாவின் எதிரில் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று ஃபெரி ஏறுவாள். பட்டர்வொர்த்தில் இறங்கும்போது நாளைக்கு என்று ஆகியிருக்கும்.

அவள் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருக்க, அப்பா முந்திக்கொண்டார். கோலாலம்பூரிலிருந்து ஒரு சம்பந்தம். மாப்பிள்ளை அம்பிகைபாகன், அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அவருடைய அப்பாவும் ரயில்வே. இரண்டு குடும்பத்துக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரே ஊர். சாதகத்தில் பத்துப் பொருத்தத்தில் ஒன்பது. விநாசித்தம்பி பொருத்தங்களைக் கோடு போட்ட தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரி போட்டு வைத்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள்.

சோதனை தனியாக வருமா? அந்த வாரம்தான் ஃபெரியில் பக்கத்தில் ஒட்டி வந்த கோழி லாரி ஒன்று மோரிஸின் இடதுபக்க முன் கதவை நசுக்கி வைத்தது. விநாசித்தம்பிக்கு உயிர் பாதி போய்விட்டது. இருபது வருடமாக ஞாயிறு தவறாமல் தானே கழுவித் துடைத்த காடி.

"மாக் மண்டினில நல்லா செய்யிற ஆள் ஒருத்தர் இருக்கிறாராம் அப்பா, கடையில கதைச்சவை" என்றாள் அருந்ததி, பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு.

விநாசித்தம்பி காடியோடும் காடியின் கைப்புத்தகத்தோடும் பட்டறைக்குப் போனார். ராமதாஸுக்கு வந்தவர் யாரென்று தெரியும். அவருக்குத்தான் அவனைத் தெரியாது. கதவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நிறத்தை நான் கண்ணால பார்த்துக் கலக்குறேன், ஐயா" என்றான்.

"ஏன்? பெயின்ட் நம்பர் இஞ்ச எழுதிக் கிடக்கு."

"புத்தகத்துல உள்ள பச்சை இப்ப காடியில இல்லங்க, ஐயா. இது இருபது வருச வெயில் குடிச்ச பச்சை. நம்பரைப் பார்த்து அடிச்சா கதவு மட்டும் தனியா நிக்கும்."

"தம்பி, எழுதினது எழுதினதுதான். கண் பிழைக்கும், எழுத்துப் பிழைக்காது."

ராமதாஸ் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். மூன்றாம் தடவை, "அப்படின்னா எழுதிக் குடுங்க, ஐயா" என்றான். விநாசித்தம்பி அங்கேயே உட்கார்ந்து, இன்ன நம்பர் நிறத்தையே பூசும்படி இதனால் கேட்டுக்கொள்கிறேன் என்று இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பையன் அதை வாங்கி மடித்து, ஒரு கோப்பில் தேதி வாரியாக வைத்தான். கோப்பைப் பார்த்ததும் அவருக்கு அவன்மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

சனிக்கிழமை காடி வீட்டுக்கு வந்தது. நசுங்கல் போன இடம் தெரியவில்லை. நிறம்தான்! பழைய வாழையில் புதுக் குருத்து விட்டதுபோல அந்த ஒரு கதவு மட்டும் பளபளவென்று தெருக்கோடி வரை தெரிந்தது. யோகம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். விநாசித்தம்பி கைப்புத்தகத்தை எடுத்து நம்பரை மூன்று தடவை சரிபார்த்தார். நம்பர் சரியாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை அதே காடியில் போய், பட்டர்வொர்த் ஸ்டேஷனிலிருந்து மாப்பிள்ளையையும் மாப்பிள்ளையின் தாயாரையும் அழைத்து வந்தார். தாயார் ஒரு பார்சலை யோகம்மாவிடம் கொடுத்தார். மயில்கழுத்துச் சேலை, அதே மயில்கழுத்தில் பிளவுஸ். "கோலாலம்பூர் முழுக்கத் தேடி எடுத்த மேட்ச்சிங்" என்றார் பெருமையாக. அருந்ததி எட்டிப் பார்த்தாள். உண்மையிலேயே ஒரு சொட்டுக்கூட வித்தியாசமில்லை. சேலை எங்கே முடிகிறது, பிளவுஸ் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

இருவரையும் முன்வாசலில் ஐந்து நிமிடம் கதைக்க விட்டார்கள். அம்பிகைபாகன் தங்கமான மனிதர். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் வில்லங்கமே.

"எனக்கு கோப்பி சரிவராது, தேத்தண்ணிதான்" என்றாள் அருந்ததி.

"ஓம், எனக்கும் அதுதான்."

"நிறம் எண்டால் எனக்கு உயிர்."

"ஓம், எனக்கும்."

அவள் சந்தேகப்பட்டு ஒரு தூண்டில் போட்டாள். "ஃபெரியில மேல்தட்டில காத்துக்கு நிக்கிறது எனக்கு நல்ல விருப்பம்."

"எனக்கும்."

"நீங்கள் ஃபெரியில ஏறினதே இல்லையெண்டு அம்மா சொன்னாவே?"

"ஓம்" என்று அவர் யோசித்தார். "ஏறினால் விருப்பமாத்தான் இருக்கும்."

அவர்கள் திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் முகத்தில் காரியம் கனிந்துவிட்ட களை. இன்னும் ஒரு நிமிடம் போனால் தேதி குறித்துவிடுவார்கள் என்று அருந்ததிக்குத் தெரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்த மாப்பிள்ளையின் தாயார், மனசில் கிடந்ததைக் கேட்டுவிடலாம் என்று கேட்டார்.

"குறை நினைக்காதேங்கோ. அந்தக் கதவு வேறை ஆரின்டையோ காரில இருந்து கழட்டிப் போட்டதோ?"

விநாசித்தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லை அம்மா. புத்தகத்தில உள்ள நம்பர்தான். நான் மூண்டு தரம் பார்த்தனான். கடதாசியிலை ஒரு பிழையும் இல்லை. வெளிச்சத்தில நிண்டால்தான் கொஞ்சம்…"

அருந்ததிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். அடங்குமா? தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. சபை நடுவில் பெண் பார்க்க வந்தவர்களின் எதிரில் குபீரென்று சிரித்துவிட்டாள். யோகம்மா அவள் தொடையில் கிள்ளினாள். கிள்ளக் கிள்ளச் சிரிப்பு கூடியது. சிரித்து ஓய்ந்தபோது, ஆறு மாதமாக ஒட்டிக் கிடந்த வாய் தானாகத் திறந்திருந்தது.

"அப்பா, சாதகத்திலயும் ஒரு பிழையும் இல்லை. நீங்கள் சரி போட்ட தாளிலயும் இல்லை. இவர் நல்ல மனுசர். ஆனால் என்ர நிறமேதான் அவர். அந்தச் சேலையையும் பிளவுஸையும் பாருங்கோ. நான் கடைக்கு வாற ஆருக்காவது அப்பிடி எடுத்துக் குடுத்திருப்பனா? ரெண்டு ஜாடியைக் கொண்டுவந்து ஒண்டை ஒண்டு மூடுங்கோ எண்டால் எப்பிடி அப்பா மூடும்?"

மாப்பிள்ளையின் தாயார் மகனைப் பார்த்தார், "தம்பி, நீ என்ன சொல்லுறாய்?" என்று.

அம்பிகைபாகன் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"ஓம், அம்மா. எனக்கும் அதுதான்" என்றார். "நாங்கள் ரெண்டு பேரும் கட்டினால் வீட்டில ஒரு சண்டை பிடிக்கக்கூட விசயம் இருக்காது."

அவர் அருந்ததியைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். அந்த மனிதரை அவளுக்கு அந்த நொடியில் நிஜமாகவே பிடித்துப்போயிற்று. அவர்கள் மத்தியான ரயிலுக்குப் புறப்பட்டார்கள். தாயார் அந்தப் புதுக் கதவைத் தொடாமல் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறினார்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த விநாசித்தம்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வேறை ஆரும் இருக்கினமோ?"

"உங்கட கதவுக்கு பெயின்ட் அடிச்சவர்."

"எங்கட ஆக்கள் இல்லை" என்றார். அதற்குமேல் பேச்சில்லை. திங்கள் பேசவில்லை, செவ்வாயும் பேசவில்லை. யோகம்மா சோறு போடும்போது கரண்டியால் சட்டியை ஓங்கித் தட்டி, "ஜாடியும் மூடியும் எண்டு நான் அண்டைக்கே சொன்னன், புத்தகம்தான் பெரிசாப் போச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அருந்ததி ஃபெரியில் மேல்தட்டுக்குப் போகவில்லை. கீழே காடிகளுக்கு நடுவில் நின்று அழுதாள். வாய் திறந்து கேட்டாயிற்று. கேட்டது கிடைக்காவிட்டால் இனி ஜென்மத்துக்கும் துணி கிழித்துக்கொண்டிருப்பதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

புதன்கிழமை பத்தரை மணி. கடையில் நல்ல கூட்டம். அருந்ததி ஒரு அம்மாவுக்குத் துணி கிழித்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். வரிசையில் நாலு பெண்களுக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையும் கையில் குடையுமாக அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை!

ரொஸ்னா முதலில் பார்த்துவிட்டு, "ஐயா, முன்னுக்கு வாங்க" என்றாள். அவர் அசையவில்லை. வரிசையென்றால் வரிசை. நாலு பெண்களும் துணி வாங்கிப் போகிற வரைக்கும் நின்றார். மகள் ஒவ்வொரு சேலையையும் ஒரு பார்வை பார்த்து, ஏணியில் ஏறாமலே கையை நீட்டிச் சரியான துணியை உருவுவதை, அந்தப் பெண்கள் அவள் சொல்லுக்குக் காத்து நிற்பதை எல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். தன் முறை வந்ததும் மேசையண்டை வந்தார். கண்ணாடிக்கு அடியில் அவருடைய கையெழுத்து கிடந்தது. ஒரு எழுத்து அழியவில்லை. மனிதர் குனிந்து அதை முழுக்கப் படித்தார்.

"இதை இன்னும் வச்சிருக்கிறியோ?"

"ஓம், அப்பா."

"பிள்ளை, எனக்கு ஒரு நிறம் வேணும். ஒரு பழைய பச்சைக்கு." வெளியே நின்ற காடியைத் திரும்பிப் பார்த்தார். "இருபது வருச வெயில் குடிச்ச பச்சை."

அருந்ததி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அது யாருடைய பேச்சென்று அவளுக்குத் தெரியும். அந்தப் பட்டறைக் கதையை ராமதாஸ் அவளுக்கு ஒரு சொல் விடாமல் சொல்லியிருந்தான்.

"மேட்ச்சிங்காவா அப்பா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றார் விநாசித்தம்பி. "மற்றது."

அவள் திரும்பி அரக்கை எடுத்தாள். முந்நூறு நிறத்திலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடிய அந்த நிறத்தை அன்றைக்கு இரண்டு தடவை தவறவிட்டுத்தான் எடுத்தாள். ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு தெருவில் நின்ற மோரிஸிடம் போனார். அருந்ததியும் பின்னாலேயே ஓடினாள். துணியைப் புதுக் கதவில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். அவள் பிடித்தாள். அவர் ஓரடி பின்னால் போனார், ஈரடி போனார், மூன்று சக்கரத் திரிஷாவை மிதித்து வந்தவன் மணியடித்துத் திட்டுகிற அளவுக்கு நடுரோடு வரை போய் நின்று வெயிலில் பார்த்தார்.

"பொருந்துது, பிள்ளை" என்றார்.

பிறகு பக்கத்தில் வந்து, கதவையே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "நாலு கதவுக்கும் இதை அடிச்சால் ஒருத்தரும் குறை சொல்லேலாது. இப்பவே மாக் மண்டினுக்குக் கொண்டுபோவம். நான் தனியப் போய்க் கதைச்சால் திரும்பவும் புத்தகத்தைத்தான் காட்டுவன். நீயும் வா. அந்தத் தம்பியோட எனக்குக் கனக்கக் கதைக்கக் கிடக்கு."

அருந்ததி அந்தப் பளபளத்த கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். வாசலுக்கு ஓடிவந்த பழனியப்பன் முதலாளி, "ஏம்மா, கடையில கூட்டம் நிக்குது, மேட்ச்சிங் யாரு பார்க்கிறது?" என்று கத்தினார்.

காடி நகர்ந்துவிட்டது. அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் பினாங்கு ஸ்திரீட் முழுவதும் கேட்கிற மாதிரி குரல் எழும்பியது.

"முதலாளி! மாடியில இருந்து பதினோரு சேலை எடுத்து வைங்க லா! கலர் நான் வந்து சொல்றேன்!"